காலடி படாத தோட்டம்

ஒகுயாமா தொகுஜி எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் தண்டவாள வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்தார். கோடையில் ஜல்லி தள்ளுவார், போல்ட்டு முடுக்குவார். டிசம்பர் பிறந்துவிட்டால் வேலை ஒன்றே ஒன்றுதான், பனி அள்ளுவது. தண்டவாளம் பிரிகிற இடத்தில் பனி இறுகிவிட்டால் ரயில் தடம் மாறாது. அதைக் குனிந்து கூட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு, கொட்டுகிற பனியில் ரயில் வருகிற சத்தம் கேட்காது. எங்கள் பக்கத்துப் பனி சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். அதனால் காது கூர்மையான ஒருவரைத் தனியாகக் காவலுக்கு நிறுத்துவார்கள். எப்போதும் தொகுஜியைத்தான் நிறுத்தினார்கள். பக்கத்து ஊர்ப் பாலத்தில் வண்டி ஏறும்போதே அவர் விசில் ஊதிவிடுவார் என்று சொல்வார்கள். அவர் காவல் நின்ற நாளில் ஒருவருக்கும் கீறல் பட்டதில்லை.

நான் என் அப்பா விட்டுப்போன போட்டோக் கடையை ஸ்டேஷன் தெருவில் நடத்திக்கொண்டிருந்தேன். தொகுஜியின் மனைவி நொபுயே என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஊருக்கு மேலே உள்ள வெந்நீர் ஊற்று விடுதியில் சமையலறைக்குத் தலைவி. நாற்பது பேருக்குச் சாப்பாடு போகிற சமையலறையில் அவள் குரல்தான் கேட்கும். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் திட்டி முடித்த கையோடு கடுகில் ஊறிய குட்டிக் கத்தரிக்காயை ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டுவாள். மனதில் எதையும் தேக்கி வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒகுயாமா என்பது தொகுஜி பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. அவர் ஒரு மலையடிவாரக் குடும்பத்தில் மூன்றாவது மகன். நொபுயே ஒற்றைப் பெண். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனார் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு, மாமனார் வீட்டில் குடியிருந்தார். வீட்டுக்கு முன்னால் ஒரு தோட்டம். பெரிதில்லை. ஒரு கறுப்பு பைன் மரம், ஒரு கல்விளக்கு, ஒரு கமேலியாப் பூச்செடி, வெளிக்கதவிலிருந்து வீட்டு வாசல் வரை வளைந்து போகிற நடைகற்கள். மாமனார் நகராட்சி அலுவலகத்துக் குமாஸ்தா. அந்த பைன் மரத்தைத் தவிர உலகத்தில் அவருக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பனிப் பாரத்தில் கிளை ஒடியாமலிருக்க, மரத்தின் நடுவே உயரமான கழி நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இழுத்துக் கட்டுவார் கிழவர். தொகுஜி கயிற்றைப் பிடிக்கப் போனால், "விடுங்க மாப்பிள்ளை. இது ரயில் பெட்டி கட்டற கயிறு இல்ல" என்பார். இருபத்தைந்து வருஷம் அப்படியே போனது. தொகுஜி ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிழவர் 1979-இல் இறந்தார். அந்த வருஷம் தொகுஜி தானே கயிறு கட்டினார். மூன்று நாள் ஆனது. நான் போய்ப் பார்த்தேன், குடை விரித்த மாதிரி ஒரே அளவாக இருந்தது. மறு மாதம் என் கடைக்கு வந்து பழைய கேமரா ஒன்று வாங்கினார். கடையின் பின்னறையில் மாதம் ஒரு வியாழக்கிழமை கூடுகிற எங்கள் புகைப்படக் குழுவிலும் சேர்ந்தார். ஒன்பது பேர் இருந்தோம். பல் மருத்துவர் முரோகி தலைவர்.

தொகுஜி எடுத்ததெல்லாம் அந்தத் தோட்டத்தைத்தான். வேறு எதையும் எடுக்க ஆசைப்படவில்லை. குறிப்பாகப் பனி விழுந்த தோட்டத்தை, ராத்திரியில். பகலில் எடுத்தால் எதிர்வீட்டுத் தகரக் கொட்டகையும் மின்கம்பியும் விழுந்துவிடும். ராத்திரியில் அவை இருட்டில் கரைந்து, தெருவிளக்கின் வெளிச்சமும் மேகத்திலிருந்து இறங்குகிற மங்கலும் சேர்ந்து, பனி தானாகவே ஒளிவிடுவது போல இருக்கும். அதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. எங்கள் ஊரில் ஜனவரி பாதியில் பனி ஆள் உயரம் வந்துவிடும். விளக்கு, செடி, கல் எல்லாம் புதைந்து தோட்டம் ஒரு வெள்ளை மேடாகிவிடும். முதல் பெரும்பனி விழுந்த அன்றோ மறுநாளோதான் விளக்குக்குத் தொப்பி வைத்தாற்போல, கிளைக்குக் கிளை தலையணை வைத்தாற்போல உருவம் தெரியும். அதிலும் காற்று அடிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ராத்திரி வாய்த்தால் அதிகம்.

1983 ஜனவரிக் கூட்டத்தில் அவர் ஒரு படம் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தின் நடுவே வெளிக்கதவிலிருந்து வாசல் வரை அவர் பனி அள்ளிய பாதை கிடந்தது. கற்கள் வளைந்து போனாலும் அவர் அள்ளியது நேர்கோடு. வேலைப் பழக்கம்.

பல் மருத்துவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "ஒகுயாமா சார், இது தோட்டமா, தண்டவாளமா? அடுத்த வண்டி எத்தன மணிக்கு?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், கடைக்காரி என்ற தோரணையில், "பனின்னா காலடி படாம இருக்கணும் ஒகுயாமா சார். ஒரு தடம் விழுந்தாலும் படம் செத்துச்சு" என்றும் சொன்னேன். அதை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். அவர் தலையசைத்து, படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த டிசம்பர் பதினேழாம் தேதி விடியற்காலையில் தொடங்கிய பனி, மதியம் வரை நிதானமாக, காற்றில்லாமல் கொட்டியது. நொபுயே விடுதிக்குப் பஸ் ஏறுவதற்கு முன் என் கடைக்குள் வந்து பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினாள்.

"மசாயோ, இன்னிக்கு எனக்கு என் வீட்டு வாசல் கிடையாதாம். தெரியுமா உனக்கு?"

"ஏன், என்ன ஆச்சு?"

"இந்த மனுஷன் ஊருக்கெல்லாம் பனி அள்ளுவார். வீட்டுல இன்னிக்கு ஒரு கரண்டி அள்ள மாட்டாராம். ராத்திரி படம் எடுக்கணுமாம். 'வரும்போது பின்பக்கமா சுத்தி வா, தோட்டத்துல கால் வெச்சுடாத'ங்கறார். நானும் பின் ஜன்னல் வழியா இறங்கித்தான் வரேன். எங்கப்பா வீட்டுல எனக்கே வழி இல்ல, பாத்துக்க."

"ஒரு நாள்தானே, விட்டுக்குடு" என்றேன்.

"விட்டுக்குடுக்காமலா ஜன்னல் ஏறிக் குதிச்சேன்? ஐம்பது வயசுப் பொம்பள!" என்று சொல்லிச் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது. ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் கடைசி.

அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சந்து. அதை ஒட்டிப் பனி தள்ளுகிற வாய்க்கால். எங்கள் ஊரில் எல்லாத் தெருவிலும் உண்டு; மேலே கனமான இரும்புச் சட்டம் மூடியிருக்கும், அதைத் தூக்கிவிட்டு அள்ளிய பனியைக் கொட்டினால் ஓடுகிற தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். கொட்டி முடித்ததும் மூடிவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. அன்று யாரோ மூடவில்லை. யாரென்று பிறகு யாரும் விசாரிக்கவும் இல்லை. திறந்து கிடந்த வாயின் ஓரத்தில் பனி கூரை போலப் படிந்து, நிலம் மாதிரியே தெரிந்திருக்கிறது.

ஒன்பது இருபதுக்குக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள் நொபுயே. வெளிக்கதவருகே நின்று பார்த்திருக்கிறாள். தோட்டம் முழுக்க ஒரு பறவைக்கால்கூடப் படாத பனி. திண்டு திண்டாகப் பனி ஏறிய பைன் மரம். வாசல் கூரையடியில் முக்காலியில் கேமரா. கண்ணாடியில் ஈரம் உறையாமலிருக்க, வயிற்றில் கட்டிக்கொள்கிற சூட்டுப்பையை அதைச் சுற்றிக் கட்டியிருந்தார். கையில் ரயில்வே கடிகாரத்தைப் பிடித்தபடி தொகுஜி சிலை மாதிரி நின்றார். இருட்டில் எடுக்கிற படத்துக்குக் கேமராவின் கண் பன்னிரண்டு நிமிடம் திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதற்குள் ஏதாவது குறுக்கே வந்தாலோ, முக்காலி அசைந்தாலோ அவ்வளவுதான்.

அவரைக் கூப்பிடாமல், சத்தம் போடாமல், அவள் சந்துப் பக்கம் திரும்பினாள்.

வலது கால் முதலில் போனது. இடுப்பு சட்டத்தின் விளிம்பில் மோதியது. கால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்ள, தொடைவரை உறைநீரில் தொங்கினாள்.

பிறகு தொகுஜி டார்ச் எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கண்டுபிடித்தார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். பனியில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. பாதத்தில் மூன்று விரல்களை எடுத்தார்கள். நான்கு மாதம் மருத்துவமனை. அதன் பிறகு அவள் ஒரு கோலை ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தாள். விடுதிச் சமையலறைக்குத் திரும்பவில்லை. அந்த ஈரத்தரையில் கோல் நிற்காது.

எல்லாரிடமும் தொகுஜி சொன்னது இதுதான்: "படம் எடுத்து முடிச்சேன். மணி பாத்தா பஸ் வந்து நேரமாச்சு, இவளக் காணோம். தேடிப் போனேன்." யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பாவம், எதிர்பாராதது என்றார்கள்.

மார்ச் மாதம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், என் கடைக்கு வந்து ஒரு படச்சுருளை மேசைமேல் வைத்தார்.

"இதத் தூக்கிப் போட்டுடுங்க மசாயோம்மா."

"நீங்களே போட்டிருக்கலாமே?"

"மூணு தடவ அடுப்புகிட்ட கொண்டு போனேன். முடியல."

நான் போடவில்லை. அன்றே இருட்டறைக்குள் போய்க் கழுவினேன். ஏன் என்று கேட்டால், கடைக்காரியின் கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆசை என்பதுதான் உண்மை. அந்தப் படத்தைப் போல ஒன்றை என் கடையில் அதற்கு முன்பும் கழுவியதில்லை, பின்பும் இல்லை. பனி நீல நிறமாய், தூங்குகிற மிருகத்தின் முதுகு போலப் பொங்கி இருந்தது. பைன் மரத்தின் ஒவ்வொரு கயிறும் வெள்ளை நூலாகத் தெரிந்தது. கல்விளக்கின் வாய் மட்டும் கறுப்பு. ஒரு தடம் இல்லை. ஒரு பிரதி போட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவரிடம் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

மே மாதம் நொபுயே கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். அரை மைல் நடக்க முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"எடு அத."

"எத?"

"நடிக்காத. அவர் சுருள உன்கிட்டதான் குடுத்திருப்பார். நீ பிலிம தூக்கிப் போடற ஜாதியா? என் கால் குடுத்து எடுத்த படம். நான் பாக்க வேண்டாமா?"

எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். விரலால் கிளைகளைத் தடவினாள்.

"நல்லா இருக்கு. எங்கப்பா இருந்திருந்தா ஒரு வார்த்த சொல்லியிருப்பார்." கொஞ்சம் கழித்து, "மசாயோ, இதுல எங்கயாச்சும் நான் கத்தினது தெரியுதா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"விழுந்ததும் 'ஏங்க'ன்னு கத்தினேன். ஒண்ணும் இல்ல. சரி, பனியில கேக்கல போலன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவ 'தொகுஜி'ன்னு பேர் சொல்லிக் கத்தினேன். முப்பது வருஷத்துல ஒரு தடவ நான் அவர் பேரச் சொன்னதில்ல. வீட்டோட வந்த மாப்பிள்ளைன்னு எங்கப்பா மட்டமாப் பேசுவார், நானும் அப்படிப் பண்ணக் கூடாதுன்னு. பாலத்துல ரயில் ஏறினா கேக்கற காது அது. முப்பதடி தூரம். கேக்காமயா இருக்கும்?"

"அவர்கிட்ட கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? கேட்டா இல்லம்பார். அப்புறம் அந்தப் பொய்யோட வேற நான் குடித்தனம் பண்ணணும். அவரா வாயத் தெறந்து சொல்லட்டும். சொன்னா ஒரே ஒரு தடவ, நாள் பூரா ஒக்காந்து திட்டுவேன். அதோட முடிஞ்சது. எனக்கு மனசுல வெச்சுக்கத் தெரியாது, உனக்கே தெரியும்." எழுந்து கோலை எடுத்தாள். "நீ சொல்லித் தொலைச்சிடாத. சொன்னதாத் தெரிஞ்சது, உன் கடைப் படி ஏற மாட்டேன். இந்தக் கால வெச்சுக்கிட்டு ஏறறதே பெரிசு."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

தொகுஜி வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக வேலை செய்தார். கேமராவைக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். குளிர்காலத்தில் நாலு மணிக்கு எழுந்து, விரற்கடைப் பனி விழுந்திருந்தாலும் வாசலிலிருந்து தெருமுனை வரை கல் தெரியக் கூட்டினார். சமைக்கக் கற்றுக்கொண்டார். இரண்டாவது வருஷம், அவள் வழுக்கி விழக் கூடாதென்று வெளிக்கதவிலிருந்து வாசல் வரை நேராகத் தகரக் கூரை போட்டார். கல்விளக்கு குறுக்கே வந்தது, பெயர்த்து ஓரத்தில் வைத்தார். பைன் மரத்தின் பெரிய கிளை குறுக்கே வந்தது, அறுத்தார்.

செந்தாய் நகரத்தில் இருந்த மகளைப் பார்க்க நொபுயே போயிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்தது. திரும்பி வந்து பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"எங்கப்பா மரத்துல கை வெக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? தகரம் கேட்டேனா நான்? நான் எதயாச்சும் கேட்டேனா உங்கள?"

அவர் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மறுநாள் அவள் என்னிடம் வந்து, "ஒரு வார்த்தைக்கு பதிலா கூரை போடறார் இந்த மனுஷன்" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எத்தனையோ தடவை, அவர் கடையைக் கடந்து போகும்போது, இழுத்து உட்கார வைத்து 'போய்ச் சொல்லிவிடுங்கள், அவளுக்குத் தெரியும்' என்று சொல்ல நாக்கு வரை வரும். சத்தியம் தடுக்கும். சத்தியம் மட்டுமா? 'ஒரு தடம் விழுந்தாலும் படம் செத்துச்சு' என்று சொன்னது நான். அந்தப் பேச்சைக் கிளறினால் என்னுடையதும் வெளியே வரும் என்ற பயமும் இருந்தது.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது. 1995 நவம்பரில், முள்ளங்கி ஊறப்போட உப்பு அளந்துகொண்டிருந்தபோது நொபுயே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்தாள். இரண்டு நாளில் போய்விட்டாள். கடைசி வரை நினைவு திரும்பவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேயிலைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தார் தொகுஜி. என் கடைக்குக் கடைசியாக வந்தார். தேயிலையை மேசைமேல் வைத்தார். போகவில்லை.

"உக்காருங்க" என்றேன். ஸ்டவ்மேல் கிடந்த கெட்டிலிலிருந்து தேநீர் ஊற்றினேன்.

"மசாயோம்மா, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு."

நான் கெட்டிலைத் திரும்ப ஸ்டவ்மேல் வைத்தேன்.

"எட்டாவது நிமிஷம். 'ஏங்க'ன்னு. பக்கத்து வீட்டுல யாரோன்னு நினைச்சேன். நினைச்சேனா, நினைக்கணும்னு நினைச்சேனா, தெரியல. கொஞ்ச நேரத்துல பேரச் சொல்லிக் கூப்பிட்டா. என்னைய அப்படிக் கூப்பிடற ஆள் அந்த வீட்டுல கிடையாது. ஆனா அவ குரல். கடியாரம் பாத்தேன். இன்னும் நாலு நிமிஷம் இருந்துச்சு. நாலு நிமிஷம்தானேன்னு நின்னேன். மூடினதும் ஓடியிருக்கலாம். மூடி போட்டேன், பிலிம சுத்தினேன், சூட்டுப்பையக் கழட்டினேன். அப்புறம்தான் போனேன்."

"டாக்டர், முன்னாடியே வந்திருந்தாலும் எலும்பு எலும்புதான்னு சொன்னாரே."

"விரல்?"

நான் தேயிலைப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"தெனமும் சொல்லணும்னு எழுந்திருப்பேன். சொன்னா அவ மனசு ஒடிஞ்சிரும். விழுந்ததுகூடப் பெரிசில்ல, கேட்டும் வரலன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டாளேன்னு…"

சத்தியம் யாருக்குச் செய்தேனோ அவள் இல்லை. சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியும், அந்த மே மாதமே என்னிடம் சொன்னாள், பன்னிரண்டு வருஷமும் அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தாள், வந்தால் ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டு முடித்திருப்பாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பனியைப் பற்றி நான் சொன்ன வார்த்தையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். ஒரு பஸ் வந்து நின்று, புறப்பட்டுப் போனது.

"திட்டியிருப்பாளா?" என்றார்.

"திட்டியிருப்பா."

"என்னன்னு திட்டியிருப்பா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ ஒரு பொருளை என்னிடம் அவள் கொடுத்துவைத்துப் போயிருப்பது போலவும், அதை நான் எடுத்துத் தரவேண்டும் என்பது போலவும் இருந்தது. ஐம்பது வருஷம் அவள் பேசிக் கேட்டவள் நான். சமையலறையில், பஸ் நிறுத்தத்தில், என் கடையில். அவளைப் போலவே பேசிக் காட்டிப் பள்ளியில் எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"ஏங்க…" என்று தொடங்கினேன்.

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.